பெயர் சொல்லி அழைப்பதும் மருத்துவமே

உங்கள் மைகார்டை எடுத்து ஒரு முறை உற்றுப் பாருங்கள். நீங்கள் ஆணா பெண்ணா என்பது அதில் மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. முதலாவது, 'லெலாக்கி' அல்லது 'பெரம்புவான்' என்ற சொல். இரண்டாவது, பன்னிரண்டு இலக்க எண்ணின் கடைசி இலக்கம். அது ஒற்றைப்படை என்றால் ஆண். இரட்டைப்படை என்றால் பெண். மூன்றாவது, நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் நிற்கும் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி'. மலாய் நண்பர்களுக்குப் 'பின்', 'பிந்தி' இருப்பதைப் போல நமக்கு இது. சீன நண்பர்களின் பெயரில் இப்படி ஒன்று இல்லை. தமிழ்நாட்டிலும் இல்லை, அங்கே தந்தையின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். அந்த எழுத்துக்கு ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை.

நம்மில் பெரும்பாலோர் இம்மூன்றையும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கார்டு சொல்வதும் மனம் சொல்வதும் ஒன்றாக இருப்பதால் நமக்கு அது ஒரு தொல்லையே இல்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போகாத சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் நம் தோட்டத்தில் இருக்கிறார்கள், நம் கோயிலில் இருக்கிறார்கள், நம் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மூன்று அடையாளங்களும் ஒவ்வொரு நாளும் ஒரு வாசலில் வந்து நின்று வழியை மறிக்கின்றன. அப்படி மறிக்கப்படும் வாசல்களில் மிக ஆபத்தானது மருத்துவரின் வாசல் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. அந்த வாசலைத் திறக்கும் சாவிகளுள் ஒன்று, தமிழ் பேசும் நம் நாவிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

பாலும் பாலின அடையாளமும்

தமிழ்ப்பள்ளியில் திணை, பால், எண், இடம் என்று படித்தோம். அங்கே 'பால்' என்பது சொல்லின் பிரிவு. மருத்துவத்தில் 'பால்' என்பது உடலைக் குறித்தது. குழந்தை பிறந்தவுடன் உடலைப் பார்த்துத் தாதி ஏட்டில் எழுதுவது அது. 'பாலின அடையாளம்' என்பது வேறு. ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இரண்டிலும் அடங்காதவராகவோ உள்ளூர உணர்ந்துகொள்வதே பாலின அடையாளம். அது எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. நம்முடையது கேள்விக்கு உள்ளாவதில்லை என்பதால் அதை நாம் உணர்வதில்லை, அவ்வளவுதான். செருப்பு காலுக்குச் சரியாக இருக்கும்வரை செருப்பின் நினைவே வராது அல்லவா?

இவ்விரண்டோடு இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். யாரை விரும்புகிறோம் என்பது பாலின ஈர்ப்பு. நான் யார் என்பது பாலின அடையாளம். முன்னது இன்னொருவரைப் பற்றியது. பின்னது தன்னைப் பற்றியது.

உடல் பற்றிய கணக்கும் அத்தனை எளிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டு டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். பிறகு நடந்த பால் பரிசோதனையில் தேறவில்லை என்று கூறி அப்பதக்கத்தைப் பறித்துக்கொண்டனர். பிறந்த நாள் முதல் பெண்ணாகவே வளர்ந்தவர் அவர். பரிசோதனைச் சாலையின் ஒரு தாள், அவர் வாழ்ந்த வாழ்க்கையை ஒரே நாளில் பொய்யாக்கப் பார்த்தது. அவர் திருநங்கை அல்லர்; உடலிலேயே இயற்கையாக அமையும் வேறுபாடு பற்றியது அவர் கதை. அதைத் தமிழில் ஊடுபால் என்று இன்று குறிப்பிடுகின்றனர். ஆயினும், உடலைப் பற்றிய ஒரு தாளை மட்டும் வைத்து ஒரு மனிதரை எடை போட முடியாது என்பதை அவர் கதை நமக்குக் காட்டிவிட்டது.

அன்றாட வாழ்வில் இந்த அடையாளம் எங்கெல்லாம் வருகிறது? பள்ளிச் சீருடையில் வருகிறது. முடி வெட்டுவதில் வருகிறது. எந்தக் கழிப்பறைக்குள் நுழைவது, கோயிலில் எந்த வரிசையில் நிற்பது, பல்கலைக்கழக விடுதியில் எந்தக் கட்டடத்தில் தங்குவது என்பதில் எல்லாம் வருகிறது. காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை இருபது முறையாவது நம்மை யாரோ ஆண் என்றோ பெண் என்றோ வகைப்படுத்துகிறார்கள். அந்த இருபது முறையும் தவறாகவே வகைப்படுத்தப்படும் ஒருவருக்கு அந்த நாள் எப்படி முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

கிளினிக் முகப்பில்

நான் மந்தினுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். தாத்தா பாட்டி காலத்தில் பால்மரம். என் காலத்தில் செம்பனை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. எங்கள் லயத்தில் ஓர் அத்தை இருந்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அத்தைதான். கோயிலுக்குப் பூக் கட்டுவார். கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்வார். அவர் கையால் சேலை கட்டிக்கொள்ள வேண்டும் என்று நீலாயிலிருந்தும் பஜாமிலிருந்தும் பெண் வீட்டார் வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர் ஓர் ஆண்பெயர். அதை எங்கள் லயத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் படிவம் நான்கு படித்த ஆண்டில், "தம்பி, எனக்கு பாரம் எழுத வராதுடா, கூட வாயேன்" என்று அழைத்தார். காலில் ஒரு புண் இரண்டு வாரமாக ஆறவில்லை. அரசாங்கக் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். பாரத்தில் 'ஜந்தினா' என்று ஒரு கட்டம் இருந்தது. கார்டைப் பார்த்து எழுதச் சொன்னார், எழுதினேன். ஒரு வெள்ளி கட்டிவிட்டு உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் முகப்பிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த ஆண்பெயர், பிறகு 'ஏ/எல்', பிறகு தந்தை பெயர். அத்தை எழவில்லை. இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டார்கள். சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்த அத்தை எழுந்து நடந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். பின்வரிசையில் சிரிப்பொலி கேட்டது. அதில் தமிழ்ச் சிரிப்பும் இருந்தது. முகப்பிலிருந்தவர் கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார்டுக்குரிய ஆள் எங்கே என்று கேட்டார்.

"வா தம்பி, போலாம்" என்றார் அத்தை. அவ்வளவுதான். மருத்துவரைப் பார்க்காமலே திரும்பிவிட்டோம்.

அதன் பின் அவர் கடையில் களிம்பு வாங்கிப் போட்டார். தெரிந்தவர்களிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த ஆண்டு, நினைவு தப்பிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோதுதான் அவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவரைப் போட்டிருந்தது ஆண்கள் வார்டில். பார்க்கப் போனபோது அந்த வெயிலிலும் கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மாதான் அருகில் உட்கார்ந்து அவர் தலையை வாரிப் பின்னிவிட்டார்.

அந்த முகப்பு ஊழியர் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. கார்டில் இருந்ததை அவர் படித்தார். அவருக்கு வேறு விதமாகச் செய்ய யாரும் சொல்லித் தரவில்லை. நான் எடுத்துக்காட்ட விரும்புவது அதைத்தான். யாரும் கெட்டவராக இல்லாமலே ஒருவருடைய கால் விரல்கள் போய்விட முடிகிறது!

இது அறுவை சிகிச்சை பற்றிய பேச்சன்று

திருநங்கை, திருநம்பி ஆகியோரின் உடல்நலம் என்றவுடன் நம் பேச்சு உடனே அறுவை சிகிச்சைக்குப் போய்விடுகிறது. வெட்டினார்களா, இல்லையா என்பதிலேயே நம் ஆர்வம் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர்களுக்கும் நம்மைப் போலவே காய்ச்சல் வருகிறது, பல் வலிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது.

நம் சமூகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் கணக்கிட்டால் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே சொல்லிவிடலாம். இந்த நோய்க்கு ஒரு தன்மை உண்டு. ஒரு நாள் மருந்தோடு இது முடிவதில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போக வேண்டும். இரத்தம் சோதிக்க வேண்டும். கண்ணையும் காலையும் காட்ட வேண்டும். சர்க்கரை கூடினால் கால் நரம்புகள் மரத்துப்போகும், புண் வலிக்காது, வலிக்காத புண்ணை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆகவே இனிப்புநீர்க்காரருக்குக் கிளினிக்கின் முகப்பு வாழ்நாள் முழுவதும் போய் வர வேண்டிய இடம். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அவமானம் காத்திருக்கிறது என்றால், எத்தனை முறை ஒருவர் போவார்? முதல் முறை பல்லைக் கடித்துக்கொண்டு போவார். இரண்டாம் முறை தள்ளிப்போடுவார். மூன்றாம் முறை போகவே மாட்டார்.

மருத்துவரிடம் போகாதவர் மருந்துக்கு வேறு வழி தேடுவார். பெண்மைக்கான ஹார்மோனைப் பெறுவதற்காகக் கருத்தடை மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையின்றி அளவுக்கு மீறி விழுங்குவோர் உண்டு. அதனால் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கும் அபாயம் இருக்கிறது. புகைபிடிப்பவருக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். முறையான மருத்துவர் ஒருவர் இரத்தத்தைச் சோதித்து, மருந்தின் வகையையும் அளவையும் தேர்ந்தெடுத்தால் இந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. திருநங்கையருக்கு ஆண்சுரப்பி எனப்படும் புரோஸ்டேட் உடலிலேயே இருக்கும். வயது ஏறும்போது அதையும் கவனிக்க வேண்டும். கருப்பையை அகற்றாத திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை தேவை. மருத்துவருக்கு உடலும் தெரிய வேண்டும், அந்த உடலுக்குரிய ஆளும் தெரிய வேண்டும். நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி வாய் திறந்து உண்மையைச் சொல்வார்.

"அப்படியானால் இது ஒரு மனநோய்தானே, அதற்கே மருந்து கொடுத்தால் என்ன?" என்று கேட்போர் உள்ளனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதில் இந்நிலை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் பற்றிய பிரிவுக்கு மாற்றப்பட்டது. பட்டியலை விட்டே ஏன் நீக்கவில்லை? நீக்கிவிட்டால் தேவைப்படும் சிகிச்சையை மருத்துவமனைகள் தராமல் போய்விடக்கூடும் என்பதற்காகத்தான். பைத்தியம் என்ற முத்திரை போயிற்று; சிகிச்சை பெறும் உரிமை நின்றது. இவர்களிடையே மனச்சோர்வு இருப்பது உண்மை. ஆனால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட எவருக்குத்தான் மனச்சோர்வு வராது?

சிரம்பானில் தொடங்கிய வழக்கு

இந்த விவகாரம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று எண்ண வேண்டாம். மந்தினிலிருந்து மலைச்சாலையில் இறங்கினால் சிரம்பான். அங்குள்ள உயர் நீதிமன்றத்தில்தான் இந்த நாட்டின் முக்கியமான வழக்கு ஒன்று நடந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் 1992-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பொது இடத்தில் பெண்ணுடை அணியும் முஸ்லிம் ஆணுக்கு ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. அதனை எதிர்த்து அம்மாநிலத்தைச் சேர்ந்த முஸ்லிம் திருநங்கையர் வழக்குத் தொடுத்தனர். 2012 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2014 நவம்பர் 7-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்பிரிவு கூட்டரசு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2015 அக்டோபர் 8-இல் கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுத்த நடைமுறை சரியில்லை என்ற காரணத்தைக் காட்டி அத்தீர்ப்பை ரத்து செய்தது.

இது முஸ்லிம்களுக்கு உரிய சட்டம், நம்மைக் கட்டுப்படுத்தாது. பிற சமயத்தாரின் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. ஆனால் கார்டு நம் எல்லாருக்கும் பொது. அந்தக் கார்டைப் பற்றியும் வழக்குகள் நடந்தன. 2005-ஆம் ஆண்டில் சட்ட ஏடுகளில் வெளிவந்த இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். ஈப்போ உயர் நீதிமன்றம் கார்டில் பாலை மாற்ற முடியாது என்றது. கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மருத்துவர்களின் சாட்சியத்தை ஏற்று, மாற்றிக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு விடைகள்!

2016-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நந்தபாலன், திருநம்பி ஒருவரின் வழக்கில், பெயரையும் பாலையும் அடையாள எண்ணின் கடைசி இலக்கத்தையும்கூட மாற்றித் தர வேண்டும் என்று தேசியப் பதிவிலாகாவுக்கு ஆணையிட்டார். அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு காக்கும் 'உயிர்' என்பதில் மாண்போடு வாழ்வதும் அடங்கும் என்பது அவருடைய பார்வை. 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை மாற்றிவிட்டது. கடைசியில், ஓர் இலக்கம் மாறுவதற்காக ஒரு மனிதர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. எங்கள் அத்தை போன்ற ஒரு பூக்காரரால் அது முடிகிற காரியமா? இதற்குத் தெளிவான விதிமுறையை நாடாளுமன்றம்தான் வகுக்க வேண்டும். மருத்துவச் சான்று, காலக்கெடு, முறையீடு எல்லாவற்றையும் கொண்ட விதிமுறையாக அது இருக்கலாம். ஆனால், அது வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இலக்கணம் என்ன சொல்கிறது?

இது தமிழ்மொழிக் கழகத்தின் மலர். ஆகவே மொழியின் பக்கம் வருவோம்.

தேசியப் பள்ளியில் சேர்ந்தபோது என்னை வியக்க வைத்தது 'டியா' என்ற மலாய்ச் சொல். அவன், அவள், அவர் எல்லாமே 'டியா'தான். தமிழிலோ பெயர்ச்சொல்லோடு நிற்பதில்லை; வினைமுற்றிலும் பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. வந்தான், வந்தாள் என்று சொல்லும்போதே ஒருவரை நாம் ஒரு பக்கம் நிறுத்திவிடுகிறோம். ஆகவே தமிழனுக்குப் பொறுப்பு கூடுதல். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒருவரை ஏற்கவோ மறுக்கவோ செய்கிறோம்.

தொல்காப்பியர் இதை யோசித்திருக்கிறார். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை அவர் உயர்திணைக்கே உரியதாக வைக்கிறார். அதோடு விடவில்லை. அப்பெயருக்கு ஆண்பால் வினைமுற்று பொருந்தாது என்று தனியாக ஒரு நூற்பாவே செய்திருக்கிறார். உரையாசிரியர்கள் பெண்பால் முற்றைக் கொண்டே எடுத்துக்காட்டுகின்றனர். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூலார், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பால் என்றும், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பால் என்றும் கொள்ளச் சொல்கிறார். அவாவுதல் என்றால் விரும்புதல். அதாவது, பிறந்த உடலை அல்ல, உள்ளத்தின் விருப்பத்தை வைத்துப் பால் சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல்! அதே நூற்பாவில், இவர்களை அஃறிணை போலவும் கொள்ளலாம் என்ற வரியும் இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பழைய நூல்களில் பெருமைப்படவும் இருக்கிறது, விட்டுவிட வேண்டியதும் இருக்கிறது. அவர்கள் ஆண்ட பேடி போன்ற சொற்களும் இன்று புண்படுத்துபவை. அவற்றை நாம் ஆள வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதியின் உள்ளுறையை.

ஆகவே "இதெல்லாம் மேலை நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கு" என்று யாராவது மேடையில் முழங்கினால், அவர் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஒவ்வொரு சித்திரையிலும் கூடும் திருநங்கையரைப் பார்க்கட்டும்.

நம் மொழி இன்னொரு வசதியையும் வைத்திருக்கிறது. 'அவர்' என்ற சொல்லுக்குப் பால் இல்லை, மரியாதை உண்டு. பேச்சில் 'அவங்க' என்கிறோம். ஒருவரை எப்படி அழைப்பது என்று ஐயம் வந்தால் 'அவங்க' என்று சொல்லிவிடுங்கள். இதற்காகப் புதிய சொல் எதையும் நாம் படைக்க வேண்டியதில்லை. பாட்டியும் தாத்தாவும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல் அது.

தமிழ்நாடு சொற்களிலும் சட்டத்திலும் நம்மைவிட முன்னே நடந்திருக்கிறது. 2008-இல் அங்கே திருநங்கையருக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 15-இல் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-இல் தூத்துக்குடித் தம்பதியர் தொடுத்த வழக்கில், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில், நீதிமன்றத்தின் வலியுறுத்தலால், இவர்களைக் குறிக்கும் மரியாதையான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டு அரசு அரசிதழில் வெளியிட்டது. அங்கும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பரத நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார் என்பதைப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் எதிர்காலம் தெருவில்தான் முடியும் என்ற எண்ணம் மாறும் அல்லவா?

நாம் செய்ய வேண்டியது

நமக்கு இங்கே என்ன இருக்கிறது? 'ஒன்பது' இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் வரிசையில் நிற்கும்போது ஒன்பதாவது ஆளாக நிற்க எந்தப் பையனும் விரும்ப மாட்டான். அழகான ஓர் எண்ணைத் திட்டாக்கி வைத்திருக்கிறோம். தேசியப் பள்ளிக்குப் போனால் 'பொண்டான்' காத்திருக்கிறது. மென்மையாகப் பேசும் பையனுக்கு இரண்டு மொழியிலும் ஏச்சு கிடைக்கிறது. பிறகு பல்கலைக்கழகம் வருகிறோம். இங்கே கலை இரவு நடத்துகிறோம். எத்தனை கலை இரவுகளில் நகைச்சுவை நாடகம் என்று ஒரு மாணவனுக்குச் சேலை கட்டி, இடுப்பை ஆட்டவிட்டு, கைதட்டல் வாங்கியிருக்கிறோம்? அரங்கில் இருட்டில் உட்கார்ந்து, சிரிக்கவும் முடியாமல் எழுந்து போகவும் முடியாமல் தவிக்கும் ஒரு மாணவர் இருக்கக்கூடும் என்று கதை எழுதியவர் நினைத்திருப்பாரா? நகைச்சுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேலை கட்டிய ஆண் என்பதே நகைச்சுவை ஆகாது என்றுதான் சொல்கிறேன். அந்தச் சிரிப்பும் கிளினிக்கின் பின்வரிசையில் கேட்ட சிரிப்பும் ஒன்றே.

இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் நாளை மருத்துவராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் ஆசிரியராகவும் ஆகப்போகிறீர்கள். பழைய மாணவர்களில் பலர் ஏற்கனவே ஆகிவிட்டீர்கள். உங்களிடம் சில வேண்டுகோள்கள்:

முகப்பில் பெயருக்குப் பதிலாக எண்ணை அழையுங்கள். பல கிளினிக்குகளில் எண் முறை இருக்கிறது. அறைக்குள்ளும் வார்டிலும் அதே கவனம் தொடரட்டும். "உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஐந்து வினாடி போதும். ஒரு காசும் செலவில்லை. அவர் சொல்லும் பெயரைக் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். கார்டு மாறாவிட்டாலும் அந்த வரி மாறும். வார்டில் இடம் கொடுக்கும்போது திரை போட்ட படுக்கையையோ தனி அறையையோ முதலில் யோசியுங்கள். ஆசிரியர்களாகப் போகிறவர்கள், 'ஒன்பது' என்ற ஏச்சு வகுப்பில் எழுந்தால் அதைச் சாதி சொல்லித் திட்டுவதற்குச் சமமாக எண்ணிக் கண்டியுங்கள்.

நம் கழகத்துக்கும் ஒன்று. உறுப்பினர் பாரத்தில் பால் என்ற கட்டம் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். விடுதி ஒதுக்கப் போவதில்லை; மருந்து கொடுக்கப் போவதில்லை. தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம். சான்றிதழில் அச்சிட என்ன பெயர் வேண்டும் என்று கேட்கலாம். சிறிய காரியங்கள்தாம். ஆனால் பெரிய காரியங்கள் நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தங்கிக் கிடக்கும் நாட்டில், சிறிய காரியங்களைச் செய்யாமலிருப்பதற்கு நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

"படிக்க வந்த இடத்தில் இது நமக்கு எதற்கு? நம் இனத்துக்குத் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் ஆயிரம் இருக்கின்றனவே" என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். தோட்டம் விற்கப்பட்டு வீடிழந்தோர், பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். ஆனால் அந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். கையில் சரியான தாள் இல்லாததால் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வலி என்னவென்று மலேசியத் தமிழனுக்குத் தெரியாதா? சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுள் முழுவதும் காத்திருந்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்? அந்த வலியை அறிந்த நாமே நம்மில் ஒருவரை முகப்பில் நிறுத்திச் சிரிக்கலாமா?

கடைசி இலக்கத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. 'ஏ/எல்' என்பதை 'ஏ/பி' ஆக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் வினைமுற்றின் விகுதி நம் வாயில்தான் இருக்கிறது. 'வந்தான்' என்று சொல்லும் இடத்தில் 'வந்தாங்க' என்று சொல்வதற்கு எந்த இலாகாவின் அனுமதியும் தேவையில்லை. மொழியைக் காக்கிறோம் என்று சொல்லும் நாம், அந்த மொழியால் ஒரு மனிதரைக் காக்க முடிந்தால் அதைவிடப் பெரிய தமிழ்த்தொண்டு வேறென்ன இருக்க முடியும்? சிந்திப்போம் நண்பர்களே!